ரிப்போர்ட் வரும்வரை என்ன செய்வது? வேலூர் ஆட்டோக்காரர்களுக்கும் லாட்ஜ்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வேலூரில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் தம்பிகளுக்கும், பாய்களுக்கும், காந்தி ரோடு, பாபுராவ் தெரு சுற்றுவட்டாரத்தில் லாட்ஜ் நடத்தும் முதலாளிகளுக்கும் வணக்கம்.

பெயரைச் சொன்னால் உங்களுக்கு என்னைத் தெரியாது, முகத்தைப் பார்த்தால் தெரியும். அந்தத் தெருக்களில் ஒன்றில், ஒரு லாட்ஜின் மேசைக்குப் பின்னால் பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். அடையாள அட்டை ஜெராக்ஸ் வாங்கி, சாவி கொடுத்து, அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கொடுத்து, ராத்திரி பதினோரு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வங்காளத்தில் திட்டு வாங்கி, அந்தத் திட்டிலிருந்தே மொழியைப் பிடித்துக்கொண்டவன். இப்போது வேலையில் இல்லை. ஆனாலும் பழைய ஆட்கள் போன் செய்கிறார்கள். மாமாவைக் கூட்டிக்கொண்டு வருகிறோம், நடுவில் நாலு நாள் சும்மா இருக்க வேண்டியிருக்கும், எங்கேயாவது அழைத்துப் போங்கள் தாதா என்று. நானும் போகிறேன். (தாதா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன். இது தெரியாமல் நம் ஆள் ஒருவர், "யாரைப் பார்த்து தாதாங்கற?" என்று வண்டியை ஓரம் கட்டி இறங்கிவிட்டார். சமாதானம் செய்ய எனக்கு இரண்டு டீ செலவு.)

அப்படிப் போய் வந்ததில் மனசில் பட்டதை உங்களிடம் நேராகவே சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

நம் ஊருக்கு யார் வருகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஐடா ஸ்கடர் அம்மா 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த சி.எம்.சி. மருத்துவமனை இன்று எப்படி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, எல்லை தாண்டி வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். டாக்டரைப் பார்க்க ஒரு நாள், டெஸ்ட் கொடுக்க ஒரு நாள், ரிப்போர்ட் வர மூன்று நாள், அதை வைத்துக்கொண்டு மறுபடி டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம். இடைப்பட்ட நாளெல்லாம் பத்துக்குப் பத்து அறையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். வெளியே வரவும் கூச்சம், நோயாளியை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்களே என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ பொறுக்க முடியாமல் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "ஏகானே தேகார் கீ ஆச்சே?" இங்கே பார்க்க என்ன இருக்கிறது?

அதற்கு நாம் என்ன பதில் சொல்கிறோம்? கோல்டன் டெம்பிள். அதோடு பேச்சு முடிந்தது.

ஸ்ரீபுரம் பொற்கோயிலைக் குறை சொல்லவில்லை. 2007-இல் திறந்தார்கள், 1500 கிலோ தங்கம், நட்சத்திர வடிவத்தில் நீண்ட நடைபாதை, போய் வந்தவர்கள் சந்தோஷமாகத்தான் வருகிறார்கள். ஆனால் ஒரே ஒரு விரலை நீட்டி ஒரே ஒரு இடத்தைக் காட்டிவிட்டு ஊரையே மூடிவிடுகிறோம் பாருங்கள், அதுதான் என் வருத்தம். இதில் நான் யோக்கியன் இல்லை. அந்தச் சவாரிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் கைக்கு ஒரு தொகை வரும், வாங்கியிருக்கிறேன். வேறு இடம் சொன்னால் வராது, அதனால் சொன்னதில்லை.

மாறியது எப்போது என்றால், மேற்கு வங்காளத்தின் நதியா மாவட்டத்திலிருந்து வந்த ஒரு பெரியவரால். அவர் மனைவிக்கு வைத்தியம், மூன்று வாரம் எங்களிடம் தங்கியிருந்தார். ஒரு நாள் ஒரு ஆட்டோவில் கோட்டைக்குப் போய்விட்டு அரை மணியில் திரும்பிவிட்டார். என்ன பார்த்தீர்கள் என்றேன். வாசலில் இறக்கிவிட்டு, அகழியில் பத்தாயிரம் முதலை இருந்தது, உள்ளேயிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கம் போகிறது என்று இரண்டு வரி சொல்லி, வெயிட்டிங் சார்ஜ் சேர்த்து வாங்கிக்கொண்டு, முடிந்தது என்று சொல்லிவிட்டாராம். அதையும் கோபமில்லாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கேட்டார்: "கோட்டைக்குள்ளே என்னதான் இருக்கிறது?" எனக்குப் பதில் தெரியவில்லை. பிறந்து வளர்ந்த ஊர், பள்ளிக்கூடத்தில் வரிசையாகக் கூட்டிப் போனதோடு சரி, அதற்கப்புறம் நான் உள்ளே போய்ப் பார்த்ததே இல்லை.

அடுத்த ஞாயிறு காலை இரண்டு பேரும் நடந்தே போனோம்.

முதலை விஷயம் முழுப் பொய் இல்லை, அகழியில் முதலைகள் இருந்ததை அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கைதான் ஆட்டோவுக்கு ஆட்டோ கூடுகிறது. சுரங்கத்தை இதுவரை பார்த்தவர் யாரும் இல்லை, அதை விட்டுவிடலாம். இந்தக் கட்டுக்கதை எதற்கு என்றுதான் கேட்கிறேன், நிஜமே அதைவிடப் பெரிதாக இருக்கும்போது. 1806 ஜூலை 10, விடிவதற்கு முன்னால், இந்தக் கோட்டைக்குள் இருந்த சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றியில் குறி வைக்காதே, கடுக்கனைக் கழற்று, தாடியை எடு, தோல் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்டு என்று உத்தரவு போட்டதால் வந்த ஆத்திரம். திப்புவின் கொடியை ஏற்றினார்கள். ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்து அன்று பகலுக்குள் அடக்கிவிட்டான், நூற்றுக்கணக்கில் சிப்பாய்கள் செத்தார்கள். 1857 சிப்பாய்க் கலகத்துக்கு 51 வருஷம் முன்னால் நடந்தது இது. பெரியவர் நின்றுவிட்டார். வங்காளத்துப் பாரக்பூரில் சிப்பாய்கள் எழுந்ததுதான் முதல் என்று அவர்கள் ஊரில் படித்திருக்கிறார்.

அப்புறம் திப்பு மகால் பக்கம் போனபோது அவருக்கு இன்னொன்று சொன்னேன் (முந்தின ராத்திரி உட்கார்ந்து படித்துக்கொண்டு போனதுதான், மறைக்கவில்லை). 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் பிள்ளைகளையும் குடும்பத்தையும் இந்தக் கோட்டையில்தான் கொண்டுவந்து வைத்தார்கள். கலகத்துக்குப் பிறகு இவர்கள் இங்கே இருந்தால் ஆபத்து என்று கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களில் கடைசிப் பிள்ளை குலாம் முகமது 1842-இல் அங்கே ஒரு மசூதி கட்டினார், தர்மதலாவில். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பது வருஷம் ஆபீசுக்குப் போக அந்த மசூதி வாசலில்தான் பஸ் மாறியிருக்கிறாராம். திப்புவுக்கும் கல்கத்தாவுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லையாம். "அந்தக் குடும்பம் இங்கேருந்துதான் வந்ததா?" என்று இரண்டு மூன்று தரம் கேட்டார். ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த மசூதி முன்னால் நின்று போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்.

சொல்லுங்கள், இதற்கு எத்தனை முதலை ஈடாகும்?

ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் போகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் கல்யாண மண்டபத்துத் தூண்களில் குதிரையும் யாளியும் பார்த்து போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் கூட இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: அண்ணாந்து பாருங்கள். மேல் விதானத்தில் தாமரையைச் சுற்றி வட்டமாகக் கிளிகள், தலைகீழாக. அதைப் பார்த்த பிறகு யாரும் சட்டென்று நகர்வதில்லை. நூற்றாண்டுக் கணக்கில் மூலவர் இல்லாமல் கிடந்த கோயில் அது. சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை 1981-இல் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தார்கள். அதே கோட்டைக்குள் மசூதியும் 1846-இல் கட்டிய சர்ச்சும் இருக்கின்றன. மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்கு வருகிறவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், வாசலில் போய் ஏமாறுவானேன்.

நம் ஊரைப் பற்றி ஒரு கிண்டல் உண்டே, மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று. சாமி 1981-இல் வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதைப் பாலத்தில் நின்று எல்லோரும் வீடியோ எடுத்தோம். ராஜா விஷயமும் தப்பு. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைப் பிடித்து 1816-இல் இந்தக் கோட்டைக்குத்தான் கொண்டுவந்தார்கள், 1832-இல் சாகும்வரை இங்கேதான் இருந்தான். கண்ணுசாமி என்று பெயர் வைத்த, மதுரை நாயக்கர் வழி வந்த பிள்ளை, இலங்கையில் கண்டியை ஆண்டுவிட்டு வேலூரில் கைதியாகச் செத்தான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று இருக்கிறதே, அது அவன் சமாதி. தினமும் அந்த வழியாகச் சவாரி அடிக்கிறீர்கள். ராஜா இல்லாத கோட்டை இல்லை, கைதி ராஜா இருந்த கோட்டை. மலையைப் பற்றி மட்டும் நான் வாயைத் திறக்க முடியாது, அது மொட்டையாகத்தான் நிற்கிறது.

கோட்டையை விட்டால் தெருக்கள். இதை லாட்ஜ்காரர்கள் கவனிக்க வேண்டும். உங்களிடம் அடுப்பு வாடகைக்கு எடுக்கிற குடும்பம் தினமும் காய்கறி வாங்கத்தானே செய்கிறது, மருத்துவமனை எதிரில் தள்ளுவண்டியில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு நேதாஜி மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனால் என்ன? கத்திரிக்காய்க்கு வங்காளிகள் உயிரை விடுவார்கள், பேகுன் என்பார்கள், வட்டமாக நறுக்கிப் பொரித்தால் அவர்களுக்கு வேறு எதுவும் வேண்டாம். நம்மிடம் இருப்பதோ இளவம்பாடி முள்ளுக் கத்திரி, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. ஒரு அம்மாவுக்கு நான் எடுத்துக் கொடுத்தேன்: காம்பைப் பிடிக்காதீங்க திதி (அக்கா), காம்பிலும் அதன் தொப்பியிலும் முள் இருக்கும், அடியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், முள் விறைப்பாக நின்றால் இன்று பறித்தது, வளைந்தால் நேற்றையது. அந்த அம்மா நான் சொன்னதைக் கேட்காமல் காம்பைத்தான் பிடித்தார். விரலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார். வந்து பத்து நாளில் அன்றைக்குத்தான் சிரிக்கிறார் என்று கூட வந்த மகன் சொன்னான். அங்கிருந்து அப்படியே லாங் பஜார், மண்டித் தெரு, நடக்கத் தெம்பிருந்தால் கொசப்பேட்டை. சட்டியும் பானையும் செய்தவர்களின் பேட்டை என்று பெயரிலேயே இருக்கிறது.

வெளியூர்ப் பயணம் என்று வந்தால் என் முதல் ஓட்டு விரிஞ்சிபுரத்துக்கு. பதினைந்து கிலோமீட்டருக்குள், சேண்பாக்கம் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு பெங்களூரு ரோட்டில் ஆட்டோவிலேயே போய் வரலாம். மதிலழகு என்று பழமொழியில் இடம் பிடித்த மதில், சிங்கத்தின் வாய் வழியாக இறங்கும் தீர்த்தம், எல்லாம் சரி, நான் அழைத்துப் போவது பிராகாரத்தில் இருக்கும் ஒரு கல்லைக் காட்ட. அரைவட்டமாகக் கோடு போட்டு எண் வெட்டியிருக்கும், மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழுகிற எண்தான் மணி. அதே பெரியவரைச் சித்திரை மாதத்தில், வெயில் ஏறுவதற்குள் அழைத்துப் போனேன். வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்து வைத்தார். நிழல் ஒன்பதைத் தொட்டது. போனை எடுத்துப் பார்த்தார், ஒன்பதேகால் ஆகப் போகிறது. கல் தப்பு என்றேன் நான், அவசரப்பட்டு. அவர்தான் தலையை ஆட்டினார். நம் கடிகாரமெல்லாம் அலகாபாத் பக்கம் ஓடும் 82½ டிகிரிக் கோட்டை வைத்து ஓடுகிறது, உங்கள் ஊர் அதற்கு மேற்கே இருக்கிறது, அதனால் உங்கள் சூரியன் கடிகாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் பின்னால்தான் வருவான், கல் சொல்வதுதான் வேலூர் நேரம் என்றார். எங்கள் ஊரில் தலைகீழ், சூரியன் கடிகாரத்தை முந்திக்கொண்டு வந்துவிடுவான் என்று சிரித்தார். வழிகாட்டப் போன எனக்கு அவர் வழிகாட்டினார். இப்போது அந்தக் கல்லைக் காட்டும்போதெல்லாம் அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன், அவரிடம் கற்றது என்றும் சேர்த்து.

கார் வைத்திருப்பவர்களுக்குப் பொன்னையாற்று வழி. திருவலத்தில் சாமிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் நந்தி, அங்கிருந்து மேல்பாடியில் ராஜராஜன் தன் தாத்தா அரிஞ்சயனுக்கு எழுப்பிய பள்ளிப்படை (சமாதிக் கோயில்), கொஞ்ச தூரத்தில் வள்ளிமலை. வள்ளிமலைக்கு முருகனைக் கும்பிடத்தான் எல்லோரும் போகிறோம், அதே மலையில் பாறையில் வெட்டிய சமணர் சிற்பங்களைக் காட்டுபவர் குறைவு. கிழக்கே போனால் ஆற்காடு. அங்கே மிஞ்சியிருப்பது டெல்லி கேட் ஒன்றுதான், ஆனால் நதியா மாவட்டத்துக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்: 1757-இல் உங்கள் பலாசியில் (நாம் பிளாசி என்று படித்தது) ஜெயித்த கிளைவ் இருக்கிறானே, அவன் பெயரெடுத்தது 1751-இல் இந்த ஆற்காட்டை 50 நாள் முற்றுகையில் காத்துத்தான் என்று. பலாசி அவர் வீட்டிலிருந்து பஸ் போகிற தூரம். கதை முடிந்ததும் மக்கன் பேடா வாங்கிக் கொடுங்கள், ரசகுல்லாக்காரர்களை அதுவும் அசைத்துவிடும். செவ்வாய்க்கிழமையானால் பொய்கை மாட்டுச்சந்தை, கிராமத்திலிருந்து வந்தவர்கள் அங்கிருந்து கிளம்பவே மாட்டார்கள். ஏலகிரி, காவலூர் வானாய்வகம், அமிர்தி எல்லாம் கூட வந்திருக்கும் இளசுகளுக்கு. ஆபரேஷன் முடிந்தவரை ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் ஏற்றாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

சரி, இதற்கெல்லாம் நீங்கள் பெரிதாக எதுவும் படிக்க வேண்டியதில்லை. பாதி வழிகாட்டி வேலையை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். எந்தக் கட்டடத்தில் ரத்தம் கொடுப்பது, எந்தக் கவுண்டரில் பணம் கட்டுவது, நல்ல ரோகு மீன் எங்கே கிடைக்கும் என்று அவர்களுக்குச் சொல்பவர்கள் நீங்கள்தான். மிச்சப் பாதியையும் செய்யுங்கள் என்கிறேன். அரை நாளுக்கு இவ்வளவு என்று முன்னாலேயே பேசி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், இறங்கும்போது ஏற்றுகிற பழக்கம் வேண்டாம். கமிஷன் கடைக்குத் திருப்பாதீர்கள், பட்டுப்புடவை வாங்க வந்தவர்கள் இல்லை அவர்கள். என்ன நோய் என்று நீங்களாகக் கேட்காதீர்கள், சொன்னால் காது கொடுங்கள், ஆனால் எங்க சித்தப்பாவுக்கும் இதேதான் என்று ஆரம்பிக்காதீர்கள். இது வெயிலூர், காலை ஆறிலிருந்து ஒன்பது, இல்லாவிட்டால் சாயங்காலம் ஐந்துக்கு மேல். நடுப்பகலில் கோயில் நடையும் சாத்தியிருக்கும். போன் எப்போதும் கையில் இருக்கட்டும், ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் பாதியில் திரும்ப வேண்டும், அப்படித் திரும்பினால் முழுப் பணத்தையும் வாங்காதீர்கள்.

லாட்ஜ் முதலாளிகளே, உங்களிடம் ஒன்றே ஒன்று. மேசைக்குப் பின்னால் கோல்டன் டெம்பிள் போட்டோ மாட்டியிருக்கிறீர்களே, அதன் பக்கத்தில் கையால் எழுதியாவது ஒரு அட்டை மாட்டுங்கள், தமிழிலும் வங்காளத்திலும்: கோட்டை, முத்து மண்டபம், மார்க்கெட், விரிஞ்சிபுரம். வங்காளத்தில் எழுதித் தர நான் வருகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் விருந்தாளிகளே திருத்திவிடுவார்கள்.

ஆட்டோ ஸ்டாண்டில் யாருக்காவது விருப்பம் இருந்தால், வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு மக்கான் சிக்னலில் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூண் கிட்ட நிற்பேன். விருந்தாளி யாரும் இல்லாமல், நாம் மட்டும் ஒரு தடவை கோட்டையைச் சுற்றி வந்துவிடலாம். எட்டரைக்குள் சவாரிக்குத் திரும்பிவிடலாம். டீ என் செலவு.